டோகோ நாட்டின் பிறந்த நேரம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை தனசேகரன் அவர்களுக்கு, மாமனார் வேலாயுதம் தன் கைப்பட எழுதும் கடிதம்.

'தன் கைப்பட' என்பதை இன்னொரு முறை வாசித்துக்கொள்ளுங்கள். உங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்தபோது நான் பெருவிரலில் மை தடவி உருட்டியதும், அதைத் துடைக்க நீங்கள் உங்கள் புதுக் கைக்குட்டையைக் கொடுத்ததும் ஞாபகம் இருக்கும். இப்போது அந்த விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே பேனா இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்பு நடத்தும் ஜீனத் டீச்சர் புண்ணியம். தறியில் நெய்வதைவிட மெதுவாகத்தான் நகர்கிறது, ஆனால் நகர்கிறது. இங்கு அனைவரும் நலம், அங்கு உங்கள் நலத்துக்கு ஏகாம்பரநாதரை வேண்டிக்கொள்கிறேன். முதலில் நலம் எழுத வேண்டும் என்று டீச்சர் சொன்னதால் எழுதினேன். உண்மையில் இந்த வீட்டில் யாரும் நலமாக இல்லை. வரும் வெள்ளிக்கிழமை என் மகள் மங்கை விமானம் ஏறுவாள், சனிக்கிழமை லோமேயில் வந்து இறங்குவாள் என்று நீங்கள் காத்திருப்பீர்கள். காத்திருக்க வேண்டாம். அவள் பாஸ்போர்ட் என் அக்கா பொன்னியம்மாளின் பீரோவில் இருக்கிறது. பீரோ சாவி அக்காவின் முந்தானை முடிச்சில் இருக்கிறது. முந்தானை இடுப்பில் செருகியிருக்கிறது. அந்த இடுப்பை நெருங்க இந்தத் தெருவில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. தினமும் உங்களோடு போனில் பேசும் மங்கை இதைச் சொல்லியிருக்க மாட்டாள். சொல்லக் கூடாது என்று விளக்கின் முன்னால் நிற்க வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டாள் அக்கா. என்னிடம் சத்தியம் வாங்கவில்லை. நான் எழுதுவேன் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அறுபத்தெட்டு வயதுவரை எழுதாதவன் மேல் யாருக்குத்தான் சந்தேகம் வரும்.

நடந்தது இது. கல்யாணத்தின்போது நீங்கள் லோமேயில் வேலை என்றீர்கள். அக்கா அதை துபாய்க்குப் பக்கத்தில் ஓர் இடம் என்று மனதில் வைத்துக்கொண்டாள். துபாய்க்குப் போன பிள்ளைகள் நம் தெருவில் நாலு பேர் இருப்பதால் துபாய் அவளுக்குத் திருத்தணி மாதிரி. போன வாரம் டிக்கெட் வந்தது. நடுவில் விமானம் மாறி ஏற வேண்டும் என்று மங்கை சொன்னாள். "மாறி ஏறணுமா? அது எந்த ஊருடி?" என்று அக்கா கேட்க, டோகோ என்ற நாட்டின் பெயர் முதல்முறையாக நம் வீட்டுக் கூடத்தில் ஒலித்தது. அதை நான் விளக்குகிறேன் என்று முன்வந்தவன் நான். ஜீனத் டீச்சரிடம் கேட்டேன். அவர் அந்த நாட்டின் நிலம், மக்கள், தொழில் எல்லாம் அடங்கிய ஒரு தாளைத் தமிழில், எனக்காகப் பெரிய எழுத்தில் அச்செடுத்து வரைபடத்தோடு கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்தில் உட்கார்ந்தோம். மங்கை வீட்டைவிட்டுப் புறப்பட நல்ல நேரம் குறிக்க வந்திருந்த ஜோசியர் சீனிவாசனும் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் தாளைப் பிரித்தேன். என் வாழ்க்கையில் பத்துப் பேர் முன்னால் நான் வாசிக்கும் முதல் தாள், மாப்பிள்ளை. பத்துப் பேர் இல்லை, நாலு பேர்தான்.

'டோகோ மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள ஒரு சிறிய நாடு' என்ற வரியை ஒரு தடங்கலும் இல்லாமல் வாசித்தேன். டீச்சர் கை தட்டினார். அடுத்த வரி, வடக்கு தெற்காக ஏறத்தாழ அறுநூறு கிலோமீட்டர் நீளம், தெற்கே கடற்கரை ஐம்பது சொச்சம் கிலோமீட்டர்தான். அக்கா வரைபடத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றிப் பார்த்தாள். "இன்னாடா வேலு, இம்மாம் ஒல்லியா இருக்குது? சோறு போட்டாங்களா இல்லியா இதுக்கு?" என்றாள். எனக்கோ பார்த்ததுமே அந்த நாட்டைப் பிடித்துப்போயிற்று. புடவைக்கு உள்ள நீளம், புடவைக்கு உள்ள அகலம். கடல் பக்கத்தை முந்தானை என்று வைத்துக்கொண்டால், உங்கள் லோமே அதன் மூலையில், கானா எல்லையை ஒட்டி, பெண்கள் சில்லறை முடிந்துவைக்கும் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. இதை வாய்விட்டுச் சொன்னேன். அக்காவின் கை தன் முந்தானை முடிச்சுக்குப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பியது. "தலைநகரத்தைக் கொண்டுபோய் கால்ல வச்சிக்கினு இருக்காங்களே, அவங்ககிட்ட பொண்ணை அனுப்பச் சொல்றியா?" என்றாள். அங்கிருந்துதான் பேச்சின் போக்கு மாறியது. அதற்குமேல் அவள் ஒரு நாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. பெண் கேட்டு வந்த பிள்ளையைப் பற்றி விசாரிப்பது போல விசாரித்தாள்.

"கூடப் பொறந்தவங்க?" என்றாள். மேற்கே கானா, கிழக்கே பெனின், வடக்கே புர்கினா பாசோ என்று வாசித்தேன். "ரெண்டு பக்கமும் பங்காளிங்க நெருக்குறாங்க, பாவம்" என்றாள். மக்கள் தொகை எண்பது லட்சத்துக்கு மேல், நம் சென்னையும் சுற்றுப்புறமும் சேர்ந்த அளவு என்று டீச்சர் விளக்கினார். அதில் ஏறக்குறையப் பாதிப் பேர் இருபது வயதுக்கு உட்பட்டவர்கள் என்று நான் அடுத்த வரியை வாசித்ததும் அக்கா நிமிர்ந்தாள். "பெரியவங்களே இல்லாத வூடா? இவளுக்கு ஒரு ஜுரம் வந்தா கஷாயம் வச்சிக் குடுக்க யாரு இருக்குறாங்க?" முன்பு ஆண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், ஆட்சி மொழியும் பிரெஞ்சு என்று வாசித்தேன். "புதுச்சேரிய ஆண்டவங்களா? அப்ப தெருவுக்குத் தெரு சாராயக் கடை இருக்கும்." பெரும்பாலோர் விவசாயிகள், மக்காச்சோளம், சோளம், மரவள்ளி, வள்ளிக்கிழங்கு விளைகின்றன என்று வாசித்தேன். "தெனைக்கும் கெயங்கா? வாயுவாச்சே." ஜீனத் டீச்சர் பாவம், நடுவே புகுந்து, "அரிசியும் கிடைக்கும் அத்தை, பெரிய துறைமுகம் இருக்குது, கப்பல்ல எல்லாம் வருது" என்றார். "கப்பல்ல வர்ற சோத்தை நம்பி ஒரு பொண்ணாம்மா?" என்றாள் அக்கா. பூமிக்கு அடியில் பாஸ்பேட் என்ற உரப்பாறை நிறைய இருக்கிறது, அதை வெட்டி ஏற்றுமதி செய்கிறார்கள் என்றதும் ஜோசியர் காபி டம்ளரைக் கீழே வைத்து, "புதைச்ச தனம் எட்டாம் எடம்மா, யோசிக்கணும்" என்றார். அவரை யாரும் கேட்கவில்லை. காப்பி, கோகோ என்றேன், கொஞ்சம் இறங்கி வந்தாள். பருத்தி என்றேன், அவ்வளவுதான். நீங்கள் வேலை பார்ப்பதே பருத்திக் கம்பெனி என்பது அதுவரை அவளுக்கு உறைத்திருக்கவில்லை போலும். "நாலு தலைமுறையா பட்டு நெய்யிற வூட்டுப் பொண்ணுடா வேலு. பஞ்சுமூட்டை மேல கொண்டுபோய் உக்கார வைக்கப் போறியா?" உள்ளே மங்கை பெட்டி அடுக்கும் சத்தம் நின்றது.

இவ்வளவும் சமாளித்திருக்கலாம், மாப்பிள்ளை. அக்கா இப்படித்தான், எல்லாச் சம்பந்தத்திலும் பத்துக் குறை சொல்லி, பதினோராவதாகச் சம்மதம் சொல்வாள். உங்களுக்கும் சொன்னாள், நீங்கள் நடக்கும்போது இடது தோள் சாய்கிறது என்று. நான் தாளை மடித்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் கடைசியில் இன்னும் ஒரே ஒரு வரி இருந்தது. அதில் எண்கள் இருந்தன. எழுத்தைவிட எண்கள் எனக்குச் சரளமாக வரும். புதிதாகப் படிக்கக் கற்றவனுக்கு ஒரு வரியை வாசிக்காமல் விடுவது இலையில் சோற்றை விட்டு எழுந்திருப்பது போல. வாசித்துவிட்டேன். 'டோகோ 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று விடுதலை பெற்றது. அந்த நாளில்தான் தனி நாடாகப் பிறந்தது.'

அக்கா மெதுவாக ஜோசியர் பக்கம் திரும்பினாள்.

"பொறந்த தேதி இருக்குதாம், சீனிவாசா."

"நாட்டுக்குத்தானே அம்மா."

"மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் பத்துக்கு ஒம்போது பொருத்தம்னு நீதானே சொன்ன? அவ மாப்பிள்ளை மடியிலயா குடித்தனம் பண்ணப் போறா? அந்த நாட்டுலதானே பண்ணப் போறா? அதுக்குப் பொருத்தம் பாத்தியா?"

"நாட்டுக்கெல்லாம் பொருத்தம் பாக்குற வழக்கம் இல்லைம்மா."

"ஏன் இல்ல? ஆகஸ்ட் பதினஞ்சு வச்சி நம்ம நாட்டுக்கு ஜாதகம் கணிச்சி, வருஷா வருஷம் கோயில் மண்டபத்துல பலன் படிக்கிறியே, அது இன்னா? நம்ம நாட்டுக்கு ஜாதகம் இருக்கும், அந்த நாடு மட்டும் தவிட்டுக்கு வாங்கினதா?"

ஜோசியருக்குத் தப்பிக்க வழி இல்லை. ஒப்புக்கொண்டால் வேலை, மறுத்தால் வருஷ பலன் போய்விடும். பையிலிருந்து பழைய பஞ்சாங்கக் குறிப்புகளை எடுத்தார். "நட்சத்திரம் என்னன்னு பாக்கணும்" என்றார். நான் உடனே தாளில் இருந்த கொடிப் படத்தைக் காட்டி, "வெள்ளை நட்சத்திரம். அரக்குச் சிவப்பு மூலையில் இருக்கிறது. மீதி எல்லாம் பச்சையும் மஞ்சளும் பட்டை பட்டையாக, நல்ல சேர்மானம்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

அவர் விரல் விட்டு எண்ணினார், கூட்டினார், கழித்தார், அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட ஐந்தரை மணி பின்னால் என்று டீச்சர் சொன்னதும் மறுபடி முதலிலிருந்து எண்ணினார். கடைசியில் முகம் கறுத்துவிட்டது. அவர் கணக்குப்படி அந்த நாள் பிறந்த நள்ளிரவை ஒட்டியே பரணி முடிந்து கார்த்திகை தொடங்குகிறதாம். மங்கைக்கு அனுஷம். அனுஷமும் பரணியும் ஒரே ரஜ்ஜு, சேரவே கூடாது. கார்த்திகை என்றால் ஒரு தோஷமும் இல்லை, தாராளமாகப் போகலாம். ஆகவே எல்லாம் அந்த நாட்டின் கொடி எப்போது ஏறியது என்பதில் நிற்கிறது. நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் ஏற்றியிருந்தால் என் மகள் காஞ்சிபுரத்தில், கொஞ்சம் பின்னால் ஏற்றியிருந்தால் உங்களிடம். "கொடி ஏத்துனவங்க அவசரக்காரங்களா, நிதானக்காரங்களா?" என்று ஜோசியர் என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்.

ஜீனத் டீச்சர் போனை எடுத்து, "இருங்க அத்தை, இதுலயே பாத்துச் சொல்லிடுறேன்" என்றார். அக்கா கையை நீட்டித் தடுத்தாள். "ஏம்மா ஜீனத், ஒரு கொயந்த எப்ப பொறந்துச்சுன்னு ஊரான் சொல்லியா எய்திக்குவாங்க? கூட இருந்து பாத்தவங்க சொல்லணும். அதைத் தாள்ல எய்தி, நாலு மூலைக்கும் மஞ்ச தடவி, கைக்குக் கை குடுக்கணும். ஜாதகக் குறிப்பை போன்ல வாங்குனா அது ஜாதகமா, சிலிண்டர் புக்கிங்கா?" அந்த வழக்கம் நம் வீட்டில் எல்லோரும் அறிந்தது, மாப்பிள்ளை. உங்கள் ஜாதகத்தையும் உங்கள் பெரியப்பா மஞ்சள் தடவி, நேரில் வந்துதான் கொடுத்தார். அதனால் டீச்சர் போனை உள்ளே வைத்துவிட்டார். குறிப்பு வந்து, பொருத்தம் இருந்தால் மட்டும் பீரோ திறக்கும், இல்லையென்றால் மாப்பிள்ளை பஞ்சுமூட்டையை விட்டுவிட்டு இங்கே வரட்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அக்கா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நேற்று முழுவதும் வீடு வீடாக இல்லை. மங்கை பூட்டிய பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை என்றாள். அவள் சாப்பிடாததால் அக்காவும் சாப்பிடவில்லை. இரண்டு பேரும் சாப்பிடாததால் நான் தறியடியில் உட்கார்ந்து திருட்டுத்தனமாக முறுக்குத் தின்றேன். தறியும் சரியாக ஓடவில்லை. ஒரு முழத்துக்குள் மூன்று இழை அறுந்தது. சாயங்காலம் தண்ணீர் குடிக்க எழுந்தபோது அடுப்படியில் அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்காமலே பேசினாள். "வாலாஜாபாத்துல குடுத்திருந்தா பஸ் ஏறிப் போயிடுவேன், வேலு. மாகறல்ல குடுத்திருந்தா நடந்தே போயிடுவேன். அவ அம்மா போனப்போ இவளுக்குப் பல்லுகூட மொளைக்கல. ராத்திரி இருமுனா எனக்குத்தான் தெரியும். அங்க இருமுனா எனக்கு எப்படிடா தெரியும்?" அறுநூறு கிலோமீட்டர் நீளம் என்று வாசிக்கத் தெரிந்தவனுக்கு அதற்குப் பதில் வாசிக்கத் தெரியவில்லை. மங்கை கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் கண்களும் சிவந்திருந்தன. நான் வெங்காயம் நறுக்குகிறார்கள் என்று வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஆகையால் மாப்பிள்ளை, நீங்கள் செய்ய வேண்டியது இது. சனிக்கிழமை விமான நிலையத்துக்குப் போக வேண்டாம். அதற்குப் பதிலாக, கொடி ஏறிய அன்று நேரில் நின்று பார்த்த ஒரு பெரியவரைத் தேடிப் பிடியுங்கள். அந்த நாட்டில் இளையவர்கள்தான் அதிகம் என்று தாளில் வாசித்தபோது பெருமையாக இருந்தது, இப்போது கவலையாக இருக்கிறது. எண்பது வயது தாண்டியவராக, அன்று கண் விழித்திருந்தவராக, கடிகாரம் பார்க்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். லோமேயில் கிடைக்காவிட்டால் வடக்கே போய்ப் பாருங்கள், நீளத்துக்குக் குறைவில்லை. டிசம்பர் மாதம் பாலைவனத்துப் புழுதிக்காற்று அடிக்குமாம், மூக்கைக் கட்டிக்கொண்டு போங்கள். மணியும் நிமிஷமும் தெளிவாக எழுதி, அவர் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துத் தெரியாதவர் என்றால் கட்டைவிரல் போதும், நான் குறைவாக நினைக்க மாட்டேன். நாலு மூலையிலும் மஞ்சள் தடவ மறக்க வேண்டாம். குறிப்பு வரும்வரை மங்கை இங்கேயேதான் இருப்பாள். இது உறுதி. அக்கா ஒரு முடிவு சொல்லி மாற்றிய சரித்திரம் இல்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், கிழங்கு தின்றால் இஞ்சி சேர்த்துக்கொள்ளுங்கள். கச்சபேசுவரர் கோயிலில் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்திருக்கிறேன். நாட்டின் பெயருக்கும் சேர்த்துச் செய்யச் சொன்னேன். நட்சத்திரம் என்ன என்று குருக்கள் கேட்டார். விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்றேன். நீங்களும் உங்கள் பருத்தியும் அந்த எண்பது லட்சம் பேரும் நீண்ட ஆயுளோடு இருக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
பி. வேலாயுதம்
(முழுக் கையெழுத்து. பாதியில் டீச்சர் உதவவில்லை.)

பின்குறிப்பு. இன்று வியாழக்கிழமை. புதன்கிழமை காலையில் இந்தக் கடிதத்தைத் தபால் ஆபீசுக்குக் கொண்டுபோனேன். அந்த நாட்டுக்குப் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும் என்றார் அங்கிருந்தவர். வீட்டுக்கு வந்து சொன்னேன். உங்களுக்கு எழுதியதற்காக அக்கா ஒரு பாட்டம் திட்டினாள். திட்டி முடித்து, "அதுவும் ஜாதக சமாச்சாரத்தைத் தபால்ல போடுவாங்களா? நாலு பேர் கை பட்டு வர்றது நல்லதா? நம்ம மனுஷங்க யாராச்சும் நேர்ல போய் கேட்டு, கையோட வாங்கினு வரணும்டா" என்றாள். "அந்த ஊருக்கு நம்ம மனுஷங்க யாரு அத்தை போறாங்க?" என்று மங்கை மெல்லக் கேட்டாள். "டிக்கெட்டு போட்டு வச்சிக்கினு, பெட்டியும் கட்டிக்கினு, யாரு ரெடியா இருக்குறாங்க?" என்று அவளே மறுபடியும் கேட்டாள். அக்கா இடுப்பிலிருந்து முந்தானையை எடுத்தாள், முடிச்சை அவிழ்த்தாள். பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. "நீயே போய் விசாரிச்சி, குறிப்பை வாங்கினு வா. பொருத்தம் இருந்தாத்தான் உன்னை அந்த ஊருக்கு அனுப்புவேன், சொல்லிட்டேன்" என்றாள்.

ஆகவே இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுத்தவள் மங்கைதான். அவளை எதிர்பார்க்க வேண்டாம், விமான நிலையத்துக்குப் போக வேண்டாம் என்றெல்லாம் மேலே எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாம்தான், கஷ்டப்பட்டு எழுதியது, மனம் வரவில்லை. கொடி ஏறிய நேரத்தை அவசரப்பட்டு விசாரிக்க வேண்டாம், மாப்பிள்ளை. நிதானமாக, வருஷக்கணக்கில் விசாரியுங்கள். ஒரு தாளின் நாலு மூலைக்கு ஒரு சிட்டிகை மஞ்சள் போதும். அக்கா ஒரு வருஷக் குழம்புக்கு ஆகும் மஞ்சள்தூளை அரைத்து, இரண்டு பொட்டலமாகக் கட்டி, பெட்டியில் வைத்திருக்கிறாள். கூடவே கஷாயத்துக்குச் சுக்கும் மிளகும். எதற்கு இவ்வளவு என்று நான் கேட்கவில்லை.